மோனா உட்கார்ந்த இடங்கள்

ஜூன் 2, திங்கள்

ஈரான் நாட்டுப் போலீஸ் அதிகாரி ஒருவர் தினமும் வேலை முடிந்ததும் நாட்குறிப்பு எழுதுகிறார். மேஜர் கேவான் என்று பெயர். தெஹ்ரான் நகரச் சந்துகளில் போதைப்பொருள் கடத்தல்காரர்களைத் துரத்துகிற தொடர் அது. தமிழில் பேச வைத்துக் கைப்பேசியில் விடுகிறார்கள். ஈரானில் எல்லோரும் சுத்தமான சென்னைத் தமிழ் பேசுகிறார்கள். எங்கள் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் இன்ஸ்பெக்டர் ஹெலன் மேடம், "எல்லாரும் அதைப் பாருங்க. அங்க எப்படி யோசிக்காங்கன்னு கத்துக்கங்க" என்று உத்தரவு போலவே சொல்லிவிட்டார். சரி, கற்றுக்கொள்வோம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.

கேவானுக்கு ஆறடி உயரம், தோல் சட்டை, சோகமான கண்கள். ஏட்டு தவசிக்கனியாகிய எனக்கு ஐந்தடி நான்கு அங்குலம், தொப்பை, சர்க்கரை. நாங்கள் இருவரும் ஒத்துப்போவது நோட்டு விஷயத்தில் மட்டும்தான்.

நான் மோனாவின் ஹேண்ட்லர், அதாவது அவளைப் பராமரித்து வேலை வாங்குகிறவன். மோனா கறுப்பு லாப்ரடார், வயது ஆறு, நெடுந்துறைக் கடற்கரை முழுவதற்கும் போதைப்பொருள் மோப்பத்துக்கு இருக்கிற ஒரே நாய். அவள் குரைக்க மாட்டாள், பிறாண்ட மாட்டாள். சரக்கு இருக்கிற இடம் வந்தால் சட்டென்று உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அவள் அப்படி உட்கார்ந்ததால் இதுவரை ஏழு பேர் சிறைக்குப் போயிருக்கிறார்கள். நான் இருபத்தொரு வருடம் நின்றும் ஓடியும் ஒருவரையும் பிடித்ததில்லை.

அவளுக்கென்று அரசாங்கம் ஒரு பதிவேடு கொடுத்திருக்கிறது. தின்றது, நடந்தது, கழித்தது எல்லாம் அதில் நான் எழுத வேண்டும். நான் தின்றதையும் கழித்ததையும் கேட்க நாதியில்லை. அந்தக் குறை இந்த நோட்டில் தீரட்டும்.

ஜூன் 4, புதன்

காலையில் மோனாவுக்கு உண்ணி பார்த்தேன். இரண்டு கிடைத்தன. கேவானுக்கு இந்த வேலை இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் கோமதிநாயகமும் தொடரைப் பார்த்தோம். நாயகம் என்னோடு ஒரே நாளில் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவன். இப்போது பொருள் அறைக்குப் பொறுப்பு. நாங்கள் பிடிக்கிற சரக்கையெல்லாம் எடை போட்டு, சீல் வைத்து, வழக்கு முடிந்து எரிக்கும் வரை காப்பது அவன் வேலை. என் மனைவி பூமலருக்கு ஆபரேஷன் நடந்தபோது இரண்டு தடவை ரத்தம் கொடுத்து, எட்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவன். என் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர் அப்போது போனில் நலம் விசாரித்தார்கள்.

தொடரில் கேவான் எங்கே சோதனைக்குப் போனாலும் கடத்தல்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இரண்டாவது பாகத்திலேயே நான் சொல்லிவிட்டேன், "உள்ளதான்வே இருக்கான் களவாணி. அந்த டீ கொண்டாந்து குடுக்காம்லா, சிரிச்ச மூஞ்சி கிளார்க்கு, அவன்தான்."

நாயகம் எனக்கு டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "எப்படிவே கண்டுபிடிச்சீரு?"

"எல்லாருக்கும் நல்லவனா இருக்கவன நம்பப்படாது. நமக்கு அனுபவம் இருக்குல்லா."

"டிரைவர்தான்வே. நீரு வேணா பாரும்" என்றான்.

வேலியே பயிரை மேய்கிற கதை ஈரானிலும் அதேதான் போலிருக்கிறது. ஆனால் அந்தக் கேவான் இவ்வளவு அறிவாளியாக இருந்தும் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்காமல் இருப்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

மானம் போயிற்று. நடை முடிந்து மோனாவைக் கூட்டிக்கொண்டு வரும்போது நாயகத்தின் பைக் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். இழுத்தேன், வரவில்லை. "சீ, எந்திரி" என்று அதட்டினேன். அவளை நான் அதட்டுவதே அபூர்வம். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

நாயகம் சிரித்தான். "நாள் பூரா அந்தச் சரக்கோடதானவே குடும்பம் நடத்துதேன். என் மேல அடிக்க வாசத்துல உம்ம நாய்க்குக் கெறக்கம் வந்துட்டு."

நியாயமான பேச்சு. மளிகைக் கடைக்காரன் மேல் மிளகு வாசம் அடிக்காதா?

ஜூன் 10, செவ்வாய்

இன்று மாதப் பயிற்சி. மைதானத்தில் எட்டு டப்பாக்களை வரிசையாக வைக்க வேண்டும். ஏழில் டீத்தூள், சோப்புத்தூள், மாவு என்று கண்டதும் இருக்கும். ஒன்றில் மட்டும் பயிற்சிக்கென்று கோர்ட் அனுமதியோடு ஒதுக்கிய ஐஸ். அது கற்கண்டு உடைத்தது போல இருக்கும் போதைப்பொருள். மனித மூக்குக்கு ஒன்றும் தெரியாது. பொருள் அறையில் நாயகம் டப்பாவை சீல் வைத்துத் தர, நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.

மோனா எட்டையும் முகர்ந்தாள். கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள். எங்கும் உட்காரவில்லை. மறுபடி விட்டேன். இந்த முறை சோப்புத்தூளில் தும்மினாள்.

ஜூன் 11, புதன்

இன்றும் உட்காரவில்லை. இது தெரிந்தால் என் வேலை போய்விடும், அதனால் இந்த நோட்டில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மோனாவுக்கு நான் நெத்திலிக் கருவாடு கொடுக்கிறேன். நான்கு மாதமாக. விதிப்படி அரசாங்கத் தீனியைத் தவிர எதுவும் தரக் கூடாது. ஆனால் பூமலர் கருவாடு வறுக்கிற நாளில் என் சட்டையை முகர்ந்துவிட்டு மோனா என்னைப் பார்க்கிற பார்வைக்குக் கேவானே மசிந்துவிடுவார். ஒரு துண்டில் ஆரம்பித்து இப்போது கைப்பிடியாகிவிட்டது.

அரசாங்கம் ஒன்றரை வருடம் பயிற்சி கொடுத்துச் செதுக்கிய மூக்கை நான் நான்கு மாதக் கருவாட்டில் அழித்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

கால்நடை டாக்டர் முபாரக்கிடம் கொண்டுபோனேன். அவர் டார்ச் அடித்து இரண்டு நாசியும் பார்த்தார். தொண்டை பார்த்தார், ரத்தம் எடுத்தார்.

"நாயி நல்லாத்தானே இருக்கு ஏட்டையா. உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது."

"கருவாடு தின்னா மூக்கு போயிருமா சார்?" என்று, பக்கத்து வீட்டு நாய்க்காகக் கேட்பது போலக் கேட்டேன்.

"கருவாடு தின்னா தண்ணி தவிக்கும். மூக்கு எதுக்குப் போவுது? எத்தனை மாசமாக் குடுக்கீங்க?"

சத்துச் சிரப் ஒன்று எழுதிக் கொடுத்தார். பதிவேட்டில் "பொதுப் பரிசோதனை" என்று எழுதினேன்.

ஜூன் 16, திங்கள்

மறுபடி அந்த பைக். இந்த முறை ஹெலன் மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தாள். சிரித்து மழுப்பினேன். மேடம் சிரிக்கவில்லை. பயிற்சிக் குறிப்பைக் கேட்டார். இரண்டு நாளும் பெயில் என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன்.

எனக்கே தலை சுற்றுகிறது. சரக்கு இருக்கிற டப்பாவில் இவளுக்கு வாசனை தெரிவதில்லை. சரக்கு இல்லாத பைக்கில் வாசனை தெரிகிறது. எல்லாம் தலைகீழ்.

மேடம் அறைக்குக் கூப்பிட்டார். "ஏட்டையா, இதை நான் மேல எழுதாம இருக்க முடியாது. நாளைக்கு ஒரு வக்கீல் கேப்பான், உங்க நாய் கண்ட எடத்துல உக்காருமாமேன்னு. நம்ம ஏழு கேஸும் அப்பீல்ல ஆடிப்போகும்."

ஜூலை ஒன்றாம் தேதி மூன்று அதிகாரிகள் முன்னால் மோனாவுக்குத் தகுதிச் சோதனை. தேறாவிட்டால் லாயக்கற்ற நாய்கள் பட்டியலில் சேர்த்து, இருநூறு மைல் தள்ளி இருக்கிற காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒரு கூண்டில் நான்கு நாய் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மோனா என் குரல் கேட்காமல் சாப்பிட மாட்டாள். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

ஜூன் 17, செவ்வாய்

கருவாட்டை நிறுத்திவிட்டேன். பிராயச்சித்தமாக நானும் தின்னவில்லை.

"அது தின்னலைன்னு நீங்க எதுக்குப் பட்டினி?" என்றாள் பூமலர். "நாயகம் அண்ணன் புதுசாக் கட்டுத மாடிக்கு இன்னிக்கு ஜன்னல் வச்சிட்டாகளாம். தேக்கு. அவுகளும் ஒங்க சம்பளந்தான் வாங்குதாக."

அவன் சிக்கனக்காரன். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்று ஒப்புக்கொண்டு, வெறும் மோர்ச்சோறு சாப்பிட்டேன்.

ஜூன் 18, புதன்

தொடரில் இன்று களவாணி மாட்டினான். டீ கிளார்க்கேதான். நான் மேசையைத் தட்டினேன். சுற்றி இருந்த நான்கு கான்ஸ்டபிள்களுக்கும் நான் முன்னமே சொன்னதை எடுத்துச் சொன்னேன், இரண்டு முறை. எனக்குள் ஒரு துப்பறியும் மூளை வீணாகிக் கிடக்கிறது என்பது உறுதியாயிற்று.

நாயகம் மட்டும் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். பிறகு, "கேவானுக்கு எப்படிவே கடைசி வரைக்கும் தெரியாமப் போச்சு?" என்று கேட்டான்.

"கூடவே இருந்தா எப்படிவே தெரியும்? மடையன்" என்றேன்.

ஜூன் 21, சனி

வாழ்க மோனா.

உப்போடைச் சாவடியில் பஸ் சோதனை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஏழாவது பஸ்ஸில், நடுச்சீட்டில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரிய மனுஷர், மடியில் ஓலைப்பெட்டியில் கருப்பட்டி. விசேஷ வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். எனக்கு ஒரு துண்டு நீட்டினார். நான் சர்க்கரை என்று சொல்லி நன்றியோடு மறுத்து, "அடுத்த ஆளைப் பாருல" என்று கான்ஸ்டபிளிடம் சொன்னேன். துப்பறியும் மூளை அந்த அளவுக்கு வேலை செய்தது.

மோனா அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

கருப்பட்டியை உடைத்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் குடைந்து ஒரு பொட்டலம். ஹெலன் மேடம் அங்கேயே சோதனைப் பெட்டியைத் திறந்து ரசாயனச் சொட்டு விட்டார். தூள் நீலமாக மாறியது. ஐஸ்தான், ஒன்றே முக்கால் கிலோ. படகேற்றக் கொண்டுபோயிருக்கிறார். பெரிய மனுஷர் மோனாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எதற்கென்று புரியவில்லை.

மூக்கு திரும்பிவிட்டது. சிரப்புக்கு ஜெயம். "ஆனாலும் டெஸ்ட் நடக்கும் ஏட்டையா. ஃபைல் மேல போயிட்டு" என்றார் மேடம். நடக்கட்டும், மோனா இப்போது சிங்கம்.

கோர்ட் சாட்சிக்கென்று மேடம் ஒரு சிறு மாதிரியைத் தன் அலமாரியில் வைத்துக்கொள்ள, மீதிப் பொட்டலங்களை எடை போட்டு நாயகத்திடம் ஒப்படைத்தோம். "எம்புட்டு நேர்த்தியா ஒளிச்சிருக்கான்வே" என்று ஆச்சரியப்பட்டான்.

ஜூன் 24, செவ்வாய்

சோதனைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. பழைய சரக்கு வீரியம் போயிருக்கும், கருப்பட்டிச் சரக்கிலிருந்தே கொஞ்சம் கொடும் என்று நாயகத்திடம் கேட்டேன். மேடமும் கோர்ட்டில் சொல்லி அனுமதி வாங்கித் தந்திருந்தார். சீல் வைத்துக் கொடுத்தான். எட்டு டப்பா வைத்தேன்.

மோனா எட்டையும் தாண்டிப் போனாள்.

சனிக்கிழமை நிறுத்தி வைத்த பஸ்ஸின் எஞ்சின் சூட்டில், நாற்பது பேர் வியர்வைக்கு நடுவில், கருப்பட்டிக்குள் இருந்ததைக் கண்டுபிடித்தவள், இன்று அதே சரக்கைத் திறந்த மைதானத்தில் முகர்ந்துவிட்டுப் போய் மரத்தடியில் ஒன்றுக்கு இருந்தாள்.

ஜூன் 25, புதன்

எழுத ஒன்றும் இல்லை. மோனாவைக் குளிப்பாட்டினேன்.

ஜூன் 26, வியாழன்

இன்றும் ஒன்றும் இல்லை. மறுபடி குளிப்பாட்டினேன். நேற்றுத்தானே என்பது போலப் பார்த்தாள்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் சவரம் செய்யும்போது கை தவறிக் கன்னத்தில் வெட்டிக்கொண்டேன். பகலில் பயிற்சி டப்பாவைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, நாய்க்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சீலை உடைத்தேன். உள்ளே பளபளவென்று துண்டுகள். மேஜர் கேவானாக இருந்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருப்பார். நான் என் கன்னத்துக்கு அனுப்பினேன். ஒரு துண்டை ஈரம் பண்ணி வெட்டுக்காயத்தில் வைத்துத் தேய்த்தேன். சுரீரென்று எரிந்து, தோல் இழுத்துப் பிடித்து, ரத்தம் கட்டிக்கொண்டது.

நாற்பத்து நான்கு வயது ஆண்மகனுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு சலூனிலும் கண்ணாடிக்குக் கீழே கிடக்கும் படிகாரம்.

மோனாவின் மூக்கு ஒரு நாளும் போகவில்லை. டப்பாவில் சரக்கு இல்லை, அதனால் அவள் உட்காரவில்லை. பைக்கில் சரக்கு இருந்தது, அதனால் உட்கார்ந்தாள். மூன்று வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் அவளுக்குச் சிரப் ஊற்றினேன்.

இதைச் செவ்வாய்க்கிழமையே நான் தெரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். எழுதினால் உண்மையாகிவிடும் என்று நாயைக் குளிப்பாட்டினேன்.

ஜூன் 28, சனி

நாயகத்தின் வீட்டுக்குப் போனேன். மாடிச்சுவருக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். அவன் மனைவி சங்கரவடிவு, "வாங்கண்ணே, மதினி வரலையா?" என்று கேட்டு உளுந்தவடை கொண்டுவந்து வைத்தாள். அவள் கீழே இறங்கிப் போகும் வரை தேக்கு ஜன்னலைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

"டப்பாவுல என்னவே வச்சீரு?" என்றேன்.

"எந்த டப்பா?"

"எல்லா டப்பாவும்."

ஹோஸைக் கீழே போட்டுவிட்டுக் குழாயை அடைத்தான். "படிகாரம்" என்றான்.

இல்லவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அதை நம்பத்தான் அங்கே போனேன்.

"எரிக்கப் போற சரக்குதானவே" என்று அவனே பேசினான். "ரெண்டு வருசம் பூட்டி வச்சு, பெறவு குழி தோண்டி, பெரிய ஆபீசரெல்லாம் மூக்கப் பொத்திக்கிட்டு நிக்க எரிப்பாக. குழியில படிகாரம் வெந்தா என்ன, அது வெந்தா என்ன? யாருக்கு நட்டம்?"

"எத்தன நாளா?"

"மாடி தொடங்குனதுல இருந்து."

நான் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் குரலில் பயம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. "மோனாவுக்கும் வயசாவுதுல்லா. செவ்வாக்கிழமை அது பெயிலாகட்டும். காப்பகத்துக்கு விட மாட்டேன்வே. ஹேண்ட்லரே வளத்துக்கிடலாம்னு ஒரு பழைய உத்தரவு இருக்கு. அதை எடுத்து, மனு எழுதி, நானே கையெழுத்து வாங்கித் தாரேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவும். கருவாடு போடும், யாரு கேக்கப் போறா? நீரு வாயத் தொறந்தீருன்னா, டப்பா வாங்குன ஒவ்வொரு தடவையும் உம்ம கையெழுத்து இருக்கு. விசாரணைன்னு வந்தா நாம ரெண்டு பேருந்தான்வே நிப்போம்."

வடையைத் தின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நன்றாகவே இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். எனக்கு ஆசையாக இருக்கிறது. மோனா என் வீட்டில், என் கட்டிலுக்கடியில், சங்கிலி இல்லாமல், பதிவேடு இல்லாமல். இனி பஸ் சோதனை இல்லை, வெயில் இல்லை. நான் வாய் திறக்காமல் இருந்தால் போதும். வாய் திறக்காமல் இருப்பதில் எனக்கு இருபத்தொரு வருட அனுபவம் உண்டு.

ஆனால் அவளை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டுமென்றால், முதலில் அவள் மூக்கு கெட்டுப்போன நாய் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். நானும் நான்காவதாகப் போட வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

பூமலரிடம் சொல்லிவிட்டேன். பருப்பு கடைந்துகொண்டிருந்தவள் மத்தை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் உடம்பில் அவன் ரத்தம் ஓடுகிறது என்று நான் நினைத்ததையே அவளும் நினைத்திருப்பாள்.

"அண்ணன உள்ள தள்ளிராதீங்கன்னு சொல்லத்தான் வாய் வருது" என்றாள் கடைசியில். "ஆனா அந்த வாயில்லாச் சீவன் ஒரு தப்பும் பண்ணலையே. அது மேல பழியப் போட்டுட்டு அது மூஞ்சில எப்படி முழிப்பீங்க? நீங்க ஒரு நாளக்கி முழிச்சிருவீங்க. தினமும் முழிக்க மாட்டீங்க."

நல்ல முடிவு எடுக்கிறவன் போல எழுந்து குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

ஜூலை 1, செவ்வாய்

மைதானத்தில் பந்தல், மூன்று நாற்காலி, இளநீர். நடுவில் டி.எஸ்.பி. பக்கத்தில் வெளியூர் நாய்ப்பிரிவு அதிகாரி ஒருவர், டாக்டர் முபாரக். ஹெலன் மேடம் ஓரமாக நின்றார். பொருள் அறைப் பொறுப்பாளர் என்ற முறையில் நாயகம் சீல் வைத்த டப்பாவை ஒரு தட்டில் ஏந்தி வந்து மேசையில் வைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான், தைரியமாக இரும் என்பது போல.

"ஆரம்பிங்க" என்றார் டி.எஸ்.பி.

மோனா என் இடது காலோடு ஒட்டி நின்றாள். "ஐயா, ஒரு வேண்டுகோள்" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "நாயை விடறதுக்கு முன்னாடி அந்த டப்பாவுல இருக்கதச் சொட்டு விட்டுப் பாக்கணும்யா."

"சீல் இருக்கே? என்ன சந்தேகம்?"

"சந்தேகம் இல்லைய்யா" என்றேன். பிறகு சொன்னேன், "எனக்குத் தெரியும்யா."

ஹெலன் மேடம்தான் முதலில் அசைந்தார். தன் சோதனைப் பெட்டியை எடுத்து வந்து, சீலை உடைத்து, மூன்று சொட்டு விட்டார். தண்ணீர் விட்டது போல இருந்தது. இன்னும் மூன்று விட்டார். ஒரு நிறமும் வரவில்லை. நான் இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது. அப்போது அந்த வெள்ளைத் துண்டு நீலமாகிவிடாதா என்று கடைசி நொடி வரை வேண்டிக்கொண்டு நின்றேன். அப்படி ஆகியிருந்தால் மோனாவும் நானும்தான் நாசமாகியிருப்போம். அந்த லட்சணத்தில் இருக்கிறது என் புத்தி.

நாயகம் ஓடவில்லை, மறுக்கவும் இல்லை. தட்டை மேசையில் நேராக வைத்தான். "என்னவே, நீரே சொல்லிட்டீரே" என்றான். திட்டியிருக்கலாம்.

மேடம் சாட்சிக்கு வைத்திருந்த நிஜச் சரக்கைத் தன் அலமாரியிலிருந்து எடுத்து வேறு டப்பாவில் போட்டு வரிசையில் வைத்தார். மோனா ஐந்தாவது டப்பாவில் உட்கார்ந்தாள். நடந்து போய் உட்கார நாற்பது நொடி ஆனது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். விசாரணையில் நானும் பதில் சொல்ல வேண்டும் என்று டி.எஸ்.பி. சொன்னார். சொல்கிறேன் என்றேன்.

அதோடு முடியவில்லை. பிற்பகலில் நாயகத்தின் வீட்டைச் சோதனை போட உத்தரவு. வேறு ஹேண்ட்லரை அனுப்புங்கள் மேடம் என்று கெஞ்சினேன். "வேற ஹேண்ட்லர் சொன்னா அது கேக்குமா ஏட்டையா?" என்றார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

சங்கரவடிவு வாசல் படியில் நின்றாள். "என்னண்ணே" என்று கேட்டாள். நான் அவளைத் தாண்டி உள்ளே போனேன். கூடம், சமையலறை, பீரோ, எங்கும் மோனா நிற்கவில்லை. பின்பக்கம் புது மாடிப்படிக்குக் கீழே அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டைகளிடம் போனாள். மூன்றாவது மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். மூட்டையைப் பிரித்தார்கள். சிமெண்டுக்குள் பத்திரமாகச் சுற்றி வைத்த பொட்டலங்கள்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. நாய் சரியாகக் காட்டிவிட்டால் அந்த நொடியே ஹேண்ட்லர் கொண்டாட வேண்டும். பந்தை எடுத்து எறிந்து, கைதட்டி, குதித்து, கொஞ்சிப் பேச வேண்டும். நாய்க்கு ஐஸும் தெரியாது, கேஸும் தெரியாது. அது தேடுவதெல்லாம் அந்தப் பந்துக்கும் அந்தக் குரலுக்கும்தான். கொண்டாடாவிட்டால் தான் தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். அந்த பைக் பக்கத்தில் இரண்டு முறை அவளை நான் அப்படித்தான் ஏமாற்றியிருக்கிறேன். இன்னொரு முறை ஏமாற்றினால் இனி உட்காரவே மாட்டாள்.

பந்தை எடுத்தேன். "சபாஷ் மோனா" என்றேன். தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் காதுகள் பின்னால் ஒடுங்கின. எழுந்திருக்கவில்லை. சரிதானே, சரிதானே என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொல்லை முற்றத்தில் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் நாயகம் நின்றான். சங்கரவடிவு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமாச் சொல்லும்வே" என்றான் நாயகம். "அதுக்குக் கேக்கல."

நான் கைதட்டினேன். "என் ராசாத்தி, என் செல்லக்குட்டி, யாருல இது, யாருல இவ்வளவு பெரிய கெட்டிக்காரி" என்று கத்தினேன். தொப்பை குலுங்கக் குதித்தேன். சிரித்தேன். மூச்சு வாங்கியது, விடவில்லை. சங்கரவடிவு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக் கொல்லையில் நான் ஆடிக்கொண்டிருந்தேன். இந்தக் காட்சிக்கு இந்த ஜென்மத்தில் நான் விளக்கம் சொல்லப்போவதில்லை.

மோனாவின் வால் ஆடத் தொடங்கியது. பந்தை எறிந்தேன். பாய்ந்து போய்க் கவ்வி, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லோர் கால்களுக்கும் இடையில் புகுந்து வந்து, என் முன்னால் அதைப் போட்டுவிட்டு இன்னொரு தடவை என்று நின்றாள்.

எறிந்தேன்.